மேட்டுக்காட்டுச் சூரியகாந்தி

சூரியகாந்தி பூத்து நிற்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்த விவசாயி இந்த ஜில்லாவிலேயே காளியப்பன் ஒருவனாகத்தான் இருப்பான். கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கல்லாத்துக் கொட்டாய் என்ற சிற்றூரில், அவனுடைய மேட்டுக்காட்டிலேயேதான் அந்தப் பூ நின்றது. ஆளுயரச் செடி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூ. ஆனால் விதைத்தது அவனல்ல, அறுக்கப் போவதும் அவனல்ல. சுற்றிலும் கம்பிவேலி. வேலியில் மஞ்சள் பலகை. பலகையில் மண்டையோடு படம் போட்டு, அபாயம், செடிகளைத் தொடாதீர், ஆடு மாடுகளை உள்ளே விடாதீர் என்று எழுதியிருந்தது.

"எங்காட்டுல எனக்கே அபாயம்னு எழுதி வெச்சிருக்கான் பாரு" என்று அந்த வழியில் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் காளியப்பன் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களுக்குச் சலித்துவிட்டது. அவனுக்குச் சலிக்கவில்லை.

எழுதி வைத்தவன் பெயர் சந்திரமோகன். கெட்டுப்போன காட்டைச் சுத்தம் பண்ண, கோயமுத்தூர்ப் பக்கம் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து அதிகாரிகள் அனுப்பி வைத்தவன். முப்பது வயசு இருக்கும். வெயிலில் தொப்பி, கையில் உறை, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். மண்ணில் கிடக்கிற ஈயத்தைச் செடி உறிஞ்சி எடுத்துக்கொள்ளும், செடியை அறுத்து அப்புறப்படுத்தினால் ஈயமும் அதோடு போய்விடும், இப்படிப் பல போகம் போட்டால் காடு மறுபடியும் காடாகிவிடும் என்று ஊர்க் கூட்டத்தில் அவன் சொன்னபோது முதலில் சிரித்தது காளியப்பன்தான். பயிரை வைத்து விஷம் எடுக்கிறதாம்! காதில் பூ சுற்றுவதற்கு ஒரு அளவு வேண்டாமா?

அவன் சிரித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்பி ஒரு தடவை நாசமாய்ப் போனவன் அவன். மழை பொய்த்த வருஷங்களில் ஒருத்தன் வந்து, பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை போடுகிறேன், மேட்டுக்காட்டை வாடகைக்கு விடுங்கள் என்று கேட்டான். "புகை மேல போயிருங்க அண்ணா, மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். புகை மேலேதான் போனது. போன புகை கீழே இறங்காதா என்று கேட்கத்தான் ஆளில்லை. ஓரத்துப் புளியமரம் பட்டுப்போனது. பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் நுரை தள்ளிச் செத்தன. அதிகாரிகள் வந்து பட்டறைக்குச் சீல் வைத்தபோது பட்டறைக்காரன் எந்தத் திசையில் போனான் என்றுகூடத் தெரியவில்லை. காட்டில் கறுப்புக் கசடும், காளியப்பன் தலையில் ஊர்ப் பழியும் மிஞ்சின. அன்றிலிருந்து அவன் எவனையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

அவனுக்கு ஒரே மகள், காவியா. ஏரியூரில் மதியழகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தான். முதல் தடவை வயிற்றில் தங்கியது நிற்கவில்லை. அதற்கு மேட்டுக்காடுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் சம்பந்தியம்மாள் சொன்னாள். ஒருமுறை அல்ல, பார்க்கிறபோதெல்லாம் சொன்னாள். இந்தத் தடவை ஐந்தாம் மாசமே வளைகாப்பு முடிந்ததும், "அந்த ஈயக் காட்டுப் பக்கம் எங்க மருமவள அனுப்பறதா இல்லை, பிரசவம் இங்கயே ஆவட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தலைப் பிரசவத்துக்கு மகளைக் கூட்டிப் போக முடியாத அப்பன் ஊருக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்? காளியப்பன் கற்பூரத்தைக் கொளுத்தி, அத்தனை பேர் முன்னாலும் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினான்.

"அந்தக் காட்டுத் தூசி ஒண்ணுகூட எம்பொண்ணு மேல படாதுங்க சம்பந்தி. பட்டுச்சுன்னா என்னை மனுசனா மதிக்காதீங்க."

அப்படித்தான் காவியா பிறந்த வூட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அவன் பண்ணின கெடுபிடி இருக்கிறதே, அப்பப்பா! குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசினால் ஜன்னல் சாத்த வேண்டும். அவள் துணி வெளியே காயக் கூடாது. காய்கறி கடத்தூர்ச் சந்தையிலிருந்து, அதுவும் எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று வியாபாரியை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்த பிறகு. பாக்கெட் பாலில் என்ன கலக்கிறானோ என்று ஒரு சந்தேகம். அதற்காகவே செவலை என்று ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டினான். கண் முன்னால் கறந்து, கண் முன்னால் காய்ச்சி, காலையும் மாலையும் ஒரு சொம்புப் பால். மகள் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பான்.

"அப்பா, நான் என்ன சின்னப் புள்ளயா? குடிக்கிறன், போங்க."

"குடி சாமி. இந்த வூட்டுல சுத்தமானது இது ஒண்ணுதான்."

சந்திரமோகன் மீது அவனுக்கு இருந்த சந்தேகம் ஒன்றா இரண்டா? காட்டை அமுக்கப் பார்க்கிறான் என்பது ஒரு நாள். மண்ணுக்கடியில் ஈயத்தைவிட உசத்தியானது எதுவோ இருக்கிறது, அதைத்தான் நைசாக எடுக்கிறான் என்பது இன்னொரு நாள். வேறு ஊர்க் கழிவை இங்கே கொண்டுவந்து புதைக்கிறான் என்பது மூன்றாவது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்று அவன் மனைவி கண்ணம்மாள் கேட்டாள். "ஒத்துப்போகாததுதான் சந்தேகமே" என்றான்.

அதனால் களை எடுக்கப் பொம்பளையாட்கள் வேண்டும் என்று சந்திரமோகன் கேட்டபோது, காளியப்பன் செய்த காரியம் ஊரையே திகைக்க வைத்தது. கண்ணம்மாளையே முதல் ஆளாக அனுப்பினான்.

"அந்தக் காட்டுக்கா? நீங்களா சொல்றீங்க?" என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

"உள்ள ஒரு ஆளு நம்மாளா இருக்கணும் புள்ள. அவன் என்னா பண்றான், என்னா தோண்டறான், எல்லாம் பாத்துக்கிட்டு வந்து எங்கிட்ட சொல்லு. வந்ததும் வெளியிலயே குளிச்சுச் சேலையை மாத்திக்கிட்டுத்தான் உள்ள வரணும். பொண்ணு இருக்குது."

குள்ளம்மாளும் இன்னும் சில பெண்களும் சேர்ந்துகொள்ள, களையெடுப்பு ஆரம்பமானது. செடியைத் தொடக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவ வேண்டும், உள்ளே உட்கார்ந்து சோறு சாப்பிடக் கூடாது என்று சந்திரமோகன் சொன்னதையெல்லாம் அவர்கள் தட்டாமல் செய்தார்கள். பிடுங்கின களையை மூலையில் ஒரு குழியில் போடச் சொன்னான். பார்த்தீனியச் செடியையும் முள்ளையும் குழியில் போட்டார்கள். அருகு, கோரை, பண்ணைக்கீரை இதையெல்லாம் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் எந்தக் காட்டுக்குப் போனாலும் அப்படித்தான். கூலி வேறு, புல் வேறு. களை எடுத்தவள் வெறுந்தலையோடு வூடு திரும்பினால்தான் பார்க்கிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். சந்திரமோகனும் கேட்கவில்லை. சாயங்காலம் பெண்கள் புல்லுக்கட்டோடு போவதைப் பார்த்து, "வரேங்க்கா" என்று கையசைத்துவிட்டு வண்டியை எடுப்பான்.

வூட்டில் கண்ணம்மாள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் காளியப்பன் மாட்டுக் கொட்டாயில் கட்டைப் பிரித்து, செவலைக்குப் போட்டுக்கொண்டிருப்பான். போட்டுக்கொண்டே விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு என்னா பண்ணான்?"

"என்னா பண்ணுவாரு? இலையைப் பறிச்சு ஒரு கவர்ல போட்டாரு. மண்ணைத் தோண்டி இன்னொரு கவர்ல போட்டாரு."

"மண்ணு எவ்ளோ?"

"ஒரு கை இருக்கும்."

"ஒரு கை மண்ணை வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவான்?"

"எனக்கெப்புடித் தெரியும்? மண்ணு உங்களுது. நீங்களே போயிக் கேளுங்க."

கேட்க மாட்டான். கேட்டால் பொய்தானே சொல்வான்!

முதல் போகம் கடுகு. அறுத்து, கறுப்புச் சாக்கில் அடைத்து, வண்டியில் ஏற்றினார்கள். எந்த நாள் ஏற்றுவார்கள் என்று கண்ணம்மாள் முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தாள். காளியப்பன் தன் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினான். சினிமாவில் வருகிற மாதிரி மறைந்து மறைந்து போவதாக நினைப்பு. அந்த டி.வி.எஸ் போடுகிற சத்தம் இரண்டு ஊருக்குக் கேட்கும். மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் வண்டி நின்றது. இவனும் நின்றான். சந்திரமோகன் இறங்கி, நேராக இவனிடமே வந்தான்.

"என்னங்க காளியப்பன், இவ்வளவு தூரம்?"

"ரயிலுக்கு வந்தன்."

"யாராவது வராங்களா?"

"வரல" என்றான் காளியப்பன். சொன்ன பிறகுதான் அதில் இருந்த கோளாறு அவனுக்கே தெரிந்தது.

சந்திரமோகன் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். "சாக்கு எங்க போகுதுன்னுதான பாக்கறீங்க? காய வெச்சு எரிச்சு, சாம்பலை அபாயக் கழிவு புதைக்கிற இடத்துல கொண்டுபோய் அடைச்சுப் புதைப்போம். வண்டில இடம் இருக்கு. ஏறுங்க, கண்ணாலயே பாத்துடுங்க" என்றான்.

வேறு எவனாக இருந்தாலும் ஏறியிருப்பான். காளியப்பன் யோசித்தான். இவ்வளவு தாராளமாகக் கூப்பிடுகிறான் என்றால், பார்க்க வேண்டியது அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்? டீயை மட்டும் குடித்துவிட்டு வூட்டுக்குத் திரும்பினான். முன்பைவிடச் சந்தேகம் அதிகமாகியிருந்தது.

இரண்டாவது போகம்தான் சூரியகாந்தி. பூ முகம் விரித்த வாரத்தில், ஒரு காலையில் காளியப்பன் வேலியோரம் நின்றபோது அதைப் பார்த்துவிட்டான். சந்திரமோகன் டிரம்மில் உப்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கரைத்து, வாளி வாளியாக மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தான். காளியப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விஷத்தை எடுக்க வந்தவன் ஊற்றுகிறானே! வேலிக் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனான்.

"டேய், நிறுத்துடா! என்னாடா ஊத்தற எம்மண்ணுல?"

சந்திரமோகன் வாளியைக் கீழே வைத்தான். "மருந்துங்க. ஈயம் மண்ணைக் கவ்விப் புடிச்சிக்கிட்டு இருக்கு, லேசுல வராது. இது அதைத் தண்ணில கரைச்சு விடும். வேர் இழுத்துக்கும். கொஞ்ச நாள்ல இலை மஞ்சளாகும், ஒடனே அறுத்துடுவோம்."

"ஈயத்தைத் தண்ணில கரைச்சு உடறயா? கெணத்துக்குப் போனா?"

"அதுக்குத்தான் அளவாத்தான் ஊத்தறோம், சுத்தியும் கரை போட்டிருக்கு. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அறுக்கிற வரைக்கும் ஆடு மாடு ஒண்ணுகூட இதுக்குள்ள நுழையாம பாத்துக்குங்க. அதுதாங்க முக்கியம்."

அவன் சொன்னதில் காளியப்பன் நம்பியது அந்தக் கடைசி வார்த்தையை மட்டும்தான். அன்றைக்கே வேலமுள் வெட்டிக்கொண்டு வந்து, வேலியில் ஆட்டுக்குட்டி நுழையக்கூட இடமில்லாமல் சுற்றிலும் அடைத்தான். கையெல்லாம் கீறல். வெயிலில் நின்று காவலும் காத்தான். அந்தப் பக்கம் வந்த வெள்ளாட்டை விரட்டின விரட்டில் ஆட்டுக்காரனோடு சண்டையே வந்துவிட்டது.

மருந்து ஊற்றின பிறகு ஒரு மழை பிடித்தது. மழை விட்டதும் சூரியகாந்திக்கு நடுவில் புல் திமுதிமுவென்று எழுந்தது. அறுப்புக்கு முன்னால் ஒரு களை எடுத்துவிடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டுச் சந்திரமோகன் கோயமுத்தூர் போயிருந்தான். பெண்கள் ஒரு வாரம் தினமும் போய் எடுத்தார்கள். கோடையில் அந்த மாதிரிப் பச்சைப் புல்லை அந்தப் பக்கத்து மாடுகள் கண்ணால் பார்த்து எத்தனை மாசமோ! செவலை மூக்கை நீட்டி, கட்டைப் பிரிப்பதற்குள்ளேயே இழுத்துத் தின்றது. அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தபடியே காளியப்பன், அந்த வெள்ளைப் பொடி மூட்டை இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கண்ணம்மாளைக் குடைந்துகொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் செவலை கத்தியது. மாடு கத்துகிற சத்தமாகவே இல்லை. காளியப்பன் ஓடிப்போய்ப் பார்த்தான். வாயில் எச்சில் நூலாக வடிந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. கயிறு இடம் கொடுத்த வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டு நின்றது. "செவலை, செவலை" என்று கூப்பிட்டான். பார்த்த பார்வை எங்கேயோ போனது.

அவனுக்கு ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேலிக்குள் புகுந்து சண்டை போட்டான் அல்லவா, அதற்குப் பழி வாங்கிவிட்டான்! பாவி, வாயில்லாத ஜீவனுக்கு மருந்து வைத்துவிட்டான்! முந்தின நாள் சாயங்காலம்தான் சந்திரமோகன் அறுப்புக்கு வந்து இறங்கியிருந்தான். கணக்குச் சரியாக இருந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, தெருவில் இறங்கிக் கத்தினான். காளியப்பன் கத்துவது புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை அவன் அழுதுகொண்டே கத்தினான். அதனால் சனம் வெளியே வந்தது. பட்டறைக்காரனிடம் ஏமாந்த ஊர் அது. அவனைத் தப்பவிட்ட கோபத்தைக் கொட்ட ஒரு ஆள் கிடைத்தான். மேட்டுக்காட்டில் சந்திரமோகனின் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். சாவியைப் பிடுங்கினார்கள். வேலைக்கு வந்திருந்த குள்ளம்மாளும் மற்றப் பெண்களும் வண்டிக்கு எதிரே வழியை மறித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். "எம்மாட்டுக்கு என்னா வெச்சன்னு சொல்றா!" என்று காளியப்பன் அவன் சட்டையைப் பிடித்தான். "மாட்டையே நான் பாக்கலைங்க" என்றான் சந்திரமோகன். அவன் உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் காளியப்பன் சாட்சியாக எடுத்துக்கொண்டான்.

டாக்டர் வந்துவிட்டதாக வூட்டிலிருந்து காவியா போன் பண்ணினாள். "இவனை விடாதீங்க, டாக்டர் வாயால கேட்டுக்கிட்டு வந்துர்றன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

டாக்டர் ஜாஸ்மின் மாட்டுக் கொட்டாயில் குனிந்திருந்தார். செவலையின் கண்ணுக்கு நேரே கையை ஆட்டினார். அது இமைக்கவில்லை.

"கண்ணு தெரியல இதுக்கு. பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா, அந்த மாதிரி எதையாவது நக்குச்சா?"

"ஈயமுங்களா? சொல்லுங்க டாக்டர், ஈயம்தானே?" காளியப்பன் குரலில், வெட்கக்கேடு, ஒரு சந்தோஷமே இருந்தது.

"அப்படித்தான் தெரியுது. ரத்தம் எடுத்திருக்கேன். வந்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

"நான் சொன்னன், ஒரு பயலும் கேக்கல! அவன்தாங்க, மருந்து வெச்சிட்டான். ஊரே அவனைப் புடிச்சு வெச்சிருக்குது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

டாக்டர் தீவனத் தொட்டியில் கிடந்த மிச்சப் புல்லை ஒரு கையால் அள்ளித் தூக்கினார். வேரோடு பிடுங்கின புல். வேரில் மண் ஒட்டியிருந்தது. நனைந்து காய்ந்த கறுப்பு மண்.

"இது எங்க புடுங்கினது?"

"அது புல்லுங்க."

"தெரியுது. எங்க?"

காளியப்பன் அந்த வேரைத் தொட்டுப் பார்த்தான். அந்தக் கறுப்பு அவனுக்குத் தெரியாத கறுப்பா? தினமும் இந்தக் கையால்தானே பிரித்துப் போட்டான்! வேர் இழுத்துக்கும் என்று அந்தப் பையன் சொன்னான். எந்த வேர் என்றா சொன்னான்? உரம் போட்டால் பயிருக்கு முன்னால் களைதான் தின்னும் என்று ஊரில் எல்லோருக்கும் பாடம் சொல்கிறவன் காளியப்பன். வண்டியைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், பொடி மூட்டையைப் பார்த்தான், ஆட்டை விரட்டினான். சொந்த வூட்டுக்காரி தலையில் வந்து இறங்கியதை மட்டும் பார்க்கவில்லை.

"களை எடுத்ததுங்க" என்றான். "மேட்டுக்காட்டுல."

டாக்டர் புல்லைக் கீழே போட்டார். "இதோட பால் யார் குடிக்கறாங்க?"

அவன் ஓடினான். உள்ளே காவியா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் கறந்து காய்ச்சியதில் மிச்சம் வைத்த பால் டம்ளரில், பாதிக்கு மேல் காலியாகி இருந்தது. அவன் தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் சுவரில் போய் மோதியது.

"அப்பா! என்னாப்பா?"

"குடிக்காத சாமி. குடிக்காத." அடுப்படியிலிருந்து கண்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டான்.

டாக்டர் வாசலில் நின்றிருந்தார். "பயப்படாதீங்கன்னு என்னால சொல்ல முடியாது. பால்ல எவ்வளவு எறங்கியிருக்கும்னு பாத்தாத்தான் தெரியும். ஆனா வயித்துப் புள்ளைக்குக் கொஞ்சம் போனாக்கூட ஆபத்துதான். இன்னைக்கே தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தத்துல ஈயம் பாக்கணும்னு சொல்லுங்க. எதனாலன்னு மறைக்காமச் சொல்லுங்க." பிறகு, "வேற யார் வூட்டு மாடெல்லாம் இதைத் திங்குது?" என்றார்.

மேட்டுக்காட்டுக்குப் போகிற வழியில் காளியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லக் கூடாது. டாக்டர் ஈயம் என்று சொல்லியாயிற்று. அது போதும். ஈயம் என்று ஒரு வார்த்தையைக் கூட்டத்தில் போட்டால், மிச்சத்தை ஊரே பார்த்துக்கொள்ளும். சந்திரமோகன் தலையில் எல்லாம் இறங்கிவிடும். ஏரியூரில் கற்பூரம் அணைத்த கைக்கும் பழுது வராது. நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று சம்பந்தியம்மாள் முன்னால்கூட நிற்கலாம். காவியாவை வேறு ஏதோ பரிசோதனை என்று கூட்டிக்கொண்டு போனால் ஆயிற்று. இத்தனையும் நடந்துகொண்டே யோசித்தான், மகள் குடித்த பால் சுவரில் வழிந்துகொண்டிருக்கும்போதே. மனுசன் மனசு அவ்வளவு கேடுகெட்டது.

கூட்டம் அவனைப் பார்த்ததும் எழுந்தது. "என்னா சொன்னாங்க டாக்டரு?"

"ஈயம்" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு பேர் சந்திரமோகன் மேல் பாய்ந்தார்கள். தொப்பி கீழே விழுந்தது. காளியப்பன் சும்மா நின்றான். அப்போது குள்ளம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இவனுக்கு நல்லா வேணும். இருங்க, வூட்டுல மாடு கத்தும். நேத்து எடுத்த புல்லு கெடக்குது, ஒரு வாய் போட்டுட்டு வந்துர்றன். பேரப் புள்ளைங்களுக்குப் பால் கறக்கற நேரம்."

"போடாத!"

காளியப்பன் போட்ட சத்தத்தில் அடிக்கக் கை ஓங்கினவனும் நின்றுவிட்டான்.

"அந்தப் புல்லைப் போடாதக்கா. யாரும் போடாதீங்க. மருந்து எவனும் வெக்கல. புல்லுதான். இந்தக் காட்டுல புடுங்கின களை. நாந்தான் எம்மாட்டுக்குப் போட்டன், எங்கையால. உங்க மாடும் அதைத்தான் திங்குது." குள்ளம்மாளைப் பார்த்தான். "அந்தப் பாலைத்தான் எம்பொண்ணு குடிச்சா."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "சூரியகாந்திதான விசத்த இழுக்குதுன்னு சொன்னாரு" என்று ஒருத்தி சன்னமாகச் சொன்னாள். குள்ளம்மாள் ஐயோ என்று கூவிக்கொண்டு வூட்டைப் பார்த்து ஓடினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

சந்திரமோகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் பாத்தேன்" என்றான், யாரிடம் என்றில்லாமல். "தெனமும் பாத்தேன். தலையில கட்டோட போறதைப் பாத்துக் கையாட்டினேன். எல்லா ஊர்லயும் போறதுதானேன்னு..." அவனும் அழ ஆரம்பித்தான். அவனைத் திட்டக் காளியப்பனிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை.

தருமபுரிக்குப் போகக் கார் சொல்லிவிட்டு வூட்டுக்கு வந்தபோது, விஷயம் அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. காவியா உள்ளே மதியழகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லைங்க, டெஸ்ட்தான் எடுக்கணுமாம்" என்று தன் புருஷனுக்கு அவள் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

கண்ணம்மாள் வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். மாற்றுத் துணி வைத்த பை மடியில் இருந்தது. களை பிடுங்கிப் பிடுங்கி வெடித்த இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளியப்பன் எதிரே போய் நின்றான். உன் மேல் தப்பில்லை புள்ள, நான்தான் அனுப்பினேன், நான்தான் போட்டேன் என்று சொல்லத்தான் வந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

"ஊரு உலகத்துல எல்லாரையும் சந்தேகப்பட்டீங்களே" என்றாள். "என்னைய ஒரே ஒரு நாளு சந்தேகப்பட்டிருக்கக் கூடாதாங்க?"